இத்துப்போன மரத்தை லேத்தில் ஏற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலில் சாய்ந்த மாமரம், மழையில் கிடந்து நனைந்த கட்டை, மரவாடியில் யாரும் வாங்காமல் ஓரத்தில் தள்ளிவைத்த துண்டு, இதையெல்லாம் பார்த்தால் கடைசல் பழகியவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அபாரமான கோடுகளும் நிறங்களும் வருவது பெரும்பாலும் இந்தப் பாதி கெட்ட மரத்தில்தான், உளி வைத்ததும் பொலபொலவென்று உதிர்வதும் இதேதான். இப்படிப்பட்ட மரத்தைக் கெட்டியாக்கிக் கடைவது பற்றிப் புதிதாக லேத்து வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் தேவையே இல்லை, அது தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சொதப்புவது ரெசினில், அதாவது மரத்துக்குள் ஏற்றி இறுகவைக்கும் திரவத்தில் அல்ல, மரத்தைக் காயவைப்பதில்.

மாமரத்தை அறுத்தேன், உள்ளே பேனாவால் கிறுக்கியது போல் கறுப்புக் கோடுகள். சில இடங்களில் நகம் வைத்தாலே அமுங்குகிறது. விறகுக்குப் போட்டுவிடவா?

அவசரப்படாதீர்கள். அது பூஞ்சை வேலை. ஒரே கட்டைக்குள் இரண்டு மூன்று பூஞ்சைகள் குடியேறும்போது ஒன்று இன்னொன்றைத் தன் எல்லைக்குள் விடாமல் கறுப்புச் சுவர் கட்டுகிறது, நீங்கள் பார்க்கும் கோடு அந்தச் சுவரின் குறுக்குவெட்டு. சைலேரியா போன்ற சில பூஞ்சைகள் எதிராளி இல்லாமலேகூட இப்படிக் கோடு போடும். கோடுகளுக்கு நடுவே வெளுத்துப்போன பகுதிதான் மென்மையாக இருக்கும், ஏனென்றால் அங்கே மரத்தை விறைப்பாகப் பிடித்துவைத்திருக்கும் லிக்னினைப் பூஞ்சை தின்றுவிட்டது. இதை வெள்ளை அழுகல் என்பார்கள். கோடு அழகாக இருந்து, மரம் இன்னும் நார் நாராக ஒட்டிப் பிடித்திருந்தால் காப்பாற்றலாம்.

ரப்பர் மரத்தில் வரும் நீலக்கறையும் பூஞ்சைதான், ஆனால் அது மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அந்தக் கட்டையை எதுவும் செய்யாமல் அப்படியே கடையலாம்.

எது வரை காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும்?

ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டர் இறங்கி நின்றால் சரி. வெண்ணெயில் போவது போல் போய்க்கொண்டே இருந்தால் ரெசின் செலவுக்கு அந்தத் துண்டு தகுதியா என்று யோசியுங்கள். மரம் பழுப்பாகி, சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக வெடித்து, விரலால் தேய்த்தால் மாவாகிறது என்றால் அது பழுப்பு அழுகல். இந்த வகைப் பூஞ்சை தின்பது செல்லுலோஸை, அதாவது நாரையே. அதை விட்டுவிடுங்கள், கோடும் இருக்காது, அழகும் இருக்காது.

பவுடர் கொட்டும் உளுத்த மரம் வேறு கதை. ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் மரம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கும். பின்னால் சொல்லப்போகிறபடி ஓவன் அடுப்பில் காயவைக்கும்போது அதுவும் முட்டையும் செத்துவிடும், அதற்கு முன்னால் அந்தக் கட்டையை மற்ற மரங்களோடு அடுக்காதீர்கள். செல்லரித்த துண்டில் மண்ணும் மணலும் உள்ளே புதைந்திருக்கும், உளி முனை ஒரு நிமிஷத்தில் மழுங்கும். நான் தொடுவதில்லை.

கெட்டியாக்குவது என்றால் மரத்துக்குள் என்னதான் நடக்கிறது?

எந்த மரமாக இருந்தாலும் செல் சுவரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். ஆக, 0.4 அடர்த்தியுள்ள ஒரு காய்ந்த துண்டில் 27 சதவீதம்தான் மரம், மீதி 73 சதவீதம் காற்று. பூஞ்சை தின்ற துண்டு 0.3-க்கு இறங்கியிருந்தால் காற்று 80 சதவீதம். அந்தக் காற்றை வெளியே எடுத்து அங்கே நீர்மமான ரெசினை நுழைத்து, உள்ளேயே இறுகவைப்பதுதான் மொத்த வேலையும். நன்றாக இத்துப்போன துண்டு தன் எடையைவிட அதிகமாகவே ரெசினைக் குடிக்கும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும், அதனால் பெரிய துண்டுகளுக்குச் செலவு எகிறுவதும் புரியும்.

காசு செலவில்லாத வழி ஏதாவது?

இருக்கிறது. முதலில் உளியைத் தீட்டுங்கள். மென்மையான மரம் பிய்ந்து வருவதற்குப் பாதிக் காரணம் மொட்டை உளி. கடைசி இழைப்பை மெல்லிசாக, முனையைச் சாய்த்துப் பிடித்து எடுங்கள், நேராகச் சுரண்டாதீர்கள். அப்படியும் பிய்ந்தால் அரக்கை ஸ்பிரிட்டில் தண்ணியாகக் கரைத்து அந்த இடத்தில் நன்றாகத் தடவிக் காயவிட்டு, பிறகு ஒரு இழைப்பு. சாண்டிங் சீலரைத் தின்னரில் பாதிக்குப் பாதி கலந்தும் இதையே செய்யலாம். ஆழமாக இறங்காது, உண்மைதான். ஆனால் உங்களுக்குத் தேவையும் அடுத்த இழைப்பில் போகப்போகிற அரை மில்லிமீட்டரிலுள்ள நார் விறைத்து நிற்பது மட்டும்தானே. அதை இழைத்து எடுத்துவிட்டு மறுபடி தடவலாம்.

அம்பாசமுத்திரம் செப்புச் சாமானிலும் சன்னபட்ணா பொம்மையிலும் அரக்கை லேத்திலேயே அழுத்தி, உராயும் சூட்டில் உருக்கி ஏற்றுவார்கள். அது மேல்பூச்சு. சன்னபட்ணாக்காரர்கள் பிடித்துக்கொள்வது வெட்பாலை போன்ற நெருக்கமான நல்ல மரத்தை. இத்துப்போன மரத்தை அந்த அரக்கு தூக்கி நிறுத்தாது.

பெவிக்விக் ஊற்றினால் போதும் என்கிறார்களே?

சின்ன இடத்துக்குப் போதும். ஒரு கிண்ணத்தின் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு மென்மையான பகுதி இருந்தால் நானும் சயனோஅக்ரிலேட் பசைதான் எடுப்பேன், அதிலும் தண்ணீர் மாதிரி ஓடும் வகையை. கெட்டியான வகை மேலேயே உட்கார்ந்துவிடும். மூன்று விஷயம் கவனம். வெளுப்பான மரத்தில் பசை பட்ட இடம் எண்ணெய் பட்டது போல் கறுத்து நிற்கும், எனவே முதலில் சுற்றிலும் அரக்கு தடவிவிடுங்கள். நிறைய ஊற்றினால் சூடாகிப் புகை கிளம்பும், அந்தப் புகை கண்ணை ஒரு வழி பண்ணிவிடும், விசிறி உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். அப்புறம், பருத்தித் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள்! பருத்தியில் இந்தப் பசை பட்டால் சட்டென்று கொதித்து விரலைச் சுட்டுவிடும். பருத்திச் சட்டை போட்டிருந்தால் மேலே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக் கிண்ணத்துக்கும் இதையே ஊற்றுவது வீண்செலவு.

பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்தால்?

வேண்டாம். தண்ணீர் மரத்தை ஊதவைக்கும், பசைத் துகள் உள்ளே போகாது, போன கொஞ்சமும் உப்புத்தாள் சூட்டில் ரப்பராகும்.

எபாக்சி? அரால்டைட்?

மெதுவாக இறுகும், மெல்லிசாக ஓடும் எபாக்சி என்றால் வாக்குவம் இல்லாமலே ஓரளவு உள்ளே போகும். சின்ன டியூப்களில் வரும் கெட்டியான அரால்டைட் இதற்கு ஆகாது. மரத்தை லேசாகச் சூடாக்கி அதன் மேல் ஊற்றினால் எபாக்சி இளகி நன்றாக இறங்கும், தவிர மரம் ஆறும்போது உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்கி அதுவே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். குறுக்கே அறுத்த வெட்டுமுகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மரத்தின் குழாய்கள் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, பக்கவாட்டில் ஊற்றினால் நனைவது தோல் மட்டும்தான். அசிட்டோன் கலந்து மெல்லிசாக்கலாம் என்பார்கள், கலக்கலாம்தான், ஆனால் கலந்த அளவுக்கு இறுகும் நேரமும் நீளும், பலமும் குறையும்.

அருங்காட்சியகங்களில் பழைய மரச் சிற்பங்களுக்குப் பயன்படும் பாராலாய்டு பி-72 பற்றியும் கேட்கிறார்கள். அசிட்டோனில் கரைத்து ஊறவைக்கும் அக்ரிலிக் அது. ஆடாமல் அசையாமல் அலமாரியில் இருக்கும் சிலைக்குச் சரி. லேத்துக்கு? அது இளக ஆரம்பிப்பதே 40 டிகிரியில். வேலூர் வெயிலே அதைத் தொட்டுவிடும், உப்புத்தாள் உராய்வைக் கேட்கவே வேண்டாம்.

சரி, வாக்குவம் முறையை முழுசாகச் சொல்லுங்கள்.

இதற்கு வேண்டியது சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் ரெசின். அமெரிக்காவில் டர்ன்டெக்ஸ் நிறுவனம் விற்கும் காக்டஸ் ஜூஸ் இந்த வகையில் பிரபலம். அறைச் சூட்டில் இறுகாது என்பதுதான் இதன் வசதி, மிச்சத்தை மறுபடி பயன்படுத்தலாம். பம்ப், ஏசி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அந்த ஆயில் பம்ப் போதும். மரத்தையும் ரெசினையும் வைக்கும் கலம் பம்போடு சேர்த்து வாக்குவத்துக்கென்றே விற்பதாக இருக்கட்டும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் விஷப்பரீட்சை வேண்டாம், கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும்.

மரத்தை முதலில் இறுதி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, காற்றில் நன்றாகக் காயவிட்டு, பிறகு அடுப்பில் சுமார் 105 டிகிரியில் வையுங்கள். பேனாவுக்கு வெட்டிய துண்டு என்றால் ஒரு நாள், தடியானது என்றால் கூடுதல். மணியைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். சில மணி நேர இடைவெளியில் மறுபடி மறுபடி எடை போட்டும் அது குறையவே இல்லை என்றால்தான் காய்ந்தது. கணக்கு வேண்டுமென்றால், 230 கிராம் துண்டு 200-இல் நின்றுவிட்டது, போன 30 கிராமை 200-ஆல் வகுத்தால் ஆரம்பத்தில் 15 சதவீத ஈரம் இருந்திருக்கிறது. எடுத்த சூட்டோடு ரெசினில் போடக்கூடாது, ரெசின் இறுக ஆரம்பித்துவிடும். திறந்தும் வைக்கக்கூடாது, கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் திரும்ப ஏறும். ஜிப் பையில் மூடி ஆறவையுங்கள்.

ஆறியதும் கலத்தில் வைத்து, மேலே மிதக்காதபடி பாரம் வைத்து, மரம் மூழ்கி அதற்கு மேலும் நாலைந்து சென்டிமீட்டர் நிற்கிற மாதிரி ரெசின் ஊற்றுங்கள், ஏனென்றால் பிற்பாடு மரம் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். பம்பைப் போட்டதும் நுரை பொங்கும், வால்வைக் கொஞ்சம் திறந்து மூடி அதை அடக்கிக்கொண்டே மெதுவாக முழு வாக்குவத்துக்குப் போங்கள். குமிழி நிற்கும்வரை ஓடட்டும். சில மணி நேரம் ஆகலாம்.

இங்கேதான் பலரும் வேலை முடிந்தது என்று மரத்தை எடுத்துவிடுகிறார்கள். வாக்குவம் செய்தது காற்றை எடுத்தது மட்டும்தான், ரெசின் இன்னும் முழுசாக உள்ளே போகவில்லை. வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடும்போது வெளிக்காற்றின் அழுத்தம்தான் ரெசினை மரத்துக்குள் தள்ளுகிறது, அதற்கு நேரம் வேண்டும். பம்ப் ஓடிய நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது ரெசினிலேயே ஊறட்டும். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

பிறகு வடியவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, சுமார் 90 டிகிரி அடுப்பில். அந்த 90 துண்டின் நடுவிலும் வரவேண்டும், மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், எனவே தடிமனான துண்டுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். கொஞ்சம் ரெசின் வெளியே கசிந்து மேலே பொருக்காக ஒட்டியிருக்கும், அது சகஜம்.

மணிக்கணக்காகப் பம்ப் ஓடுகிறது, குமிழி நிற்கவே இல்லையே?

கலத்து மூடியின் ரப்பர் வளையத்தில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மரம் காயவில்லை. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்று பள்ளியில் படித்ததுதான். கடல்மட்டத்தில் வாக்குவம் மீட்டர் 29 அங்குலம் (பாதரச அளவு) காட்டும்போது தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம் ஊர் அறையே அதைவிடச் சூடு. ஆக நீங்கள் பார்ப்பது காற்றுக் குமிழி இல்லை, மரத்திலிருக்கும் ஈரம் கொதித்து வருகிற ஆவி. அது ரெசினிலும் கலந்து கெடுக்கும். நிறுத்திவிட்டு, அடுத்த துண்டையாவது எடை நிற்கும்வரை காயவையுங்கள். சென்னை மாதிரி ஊரில் ஒரு வருஷம் பரணில் கிடந்த மரம்கூட 13, 14 சதவீத ஈரத்தோடுதான் இருக்கும், "நல்லா காஞ்ச மரம்தான் சார்" என்று மரவாடியில் சொல்வது கட்டில் செய்வதற்கு, இதற்கு இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே குறைவு என்பதால் மீட்டர் 23 அங்குலத்தைச் சுற்றித்தான் நிற்கும். பம்ப் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

எல்லா மரமும் ரெசினைக் குடிக்குமா?

இல்லை. தேக்கு, தோதகத்தி போன்று எண்ணெயோ பிசினோ உள்ளவை, புளியின் வைரம் (உள்மரம்) போல் இறுகியவை, இவற்றுக்குள் பெரிதாக எதுவும் போகாது, போகவேண்டிய தேவையும் இல்லை. வைரமும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரமும் சேர்ந்த துண்டில் வெள்ளை குடிக்கும், வைரம் குடிக்காது, சாயம் கலந்து ஏற்றினால் இந்த வித்தியாசமே ஒரு அழகு. மா, முள்முருங்கை, பூஞ்சை பிடித்த ரப்பர் மரம் எல்லாம் நன்றாகக் குடிக்கும். வேலை முடிந்ததும் எடை போட்டுப் பாருங்கள், எவ்வளவு உள்ளே போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பனை, தென்னையைக் கடைய முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. இந்த மரங்கள் இத்துப்போகாமலே பாதி மென்மை. புல் இனத்துக்கு உறவு என்பதால் ஆண்டு வளையம் கிடையாது, கறுத்த கடினமான நார்க்கற்றைகள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக அரிதாகவும், அவற்றுக்கு நடுவே சோறு மாதிரி மெத்தென்ற திசுவும் இருக்கும். உளி போகும்போது நார் வெட்டுப்படாமல் ஊசி ஊசியாகப் பிடுங்கிக்கொண்டு வரும், சோறு பள்ளமாகும். உப்புத்தாள் போட்டால் இன்னும் மோசம், மெத்தென்றது தேய்ந்து நார் மட்டும் மேடாக நிற்கும். வாக்குவத்தில் ரெசின் ஏற்றினால் சோறும் நாரும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிக்கு வந்துவிடும், பேனாவோ கத்திப்பிடியோ செய்தால் கறுப்பும் பொன்னுமாகப் புள்ளி வைத்தது போல் வரும். வெளி வைரத்துக்கு ரெசின் வேண்டாம், உள்துண்டுகளுக்கு மட்டும்.

விழுந்த மரமாகப் பார்த்து எடுங்கள். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தது.

பெரிய கிண்ணத்தை இப்படிச் செய்யலாமா?

முழுக்கட்டையாக வேண்டாம், உள்ளே குடைந்து எறியப்போகிற மரத்துக்கும் சேர்த்து ரெசின் வாங்குவீர்கள். முதலில் சுவர் தடிப்பாகக் குடைந்து, காயவைத்து, அதன்பின் ஏற்றி, மறுபடி லேத்தில் வைத்துச் சுற்றுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள், பெரிய ஓட்டைகளையும் வெடிப்பையும் இந்த ரெசின் நிரப்பாது, அடுப்பில் வைத்ததும் வழிந்து வெளியே வந்துவிடும். அவற்றுக்கு எபாக்சி தனியாக ஊற்றவேண்டும்.

பாலிஎத்திலீன் கிளைக்காலும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பச்சை மரம் காயும்போது வெடிக்காமல் இருக்க, தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற பொருளை நிரப்புவது. 1628-இல் மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பல் மேல் 17 வருஷம் இதைத் தெளித்தார்கள். மரம் சுருங்காது, ஆனால் கெட்டியாகவும் ஆகாது. இத்துப்போன மரத்துக்கு உதவாது.

வீட்டு ஓவனிலேயே காயவைத்து இறுகவைக்கலாமா?

காயவைக்கலாம், வீடு முழுக்க மர வாசனையும் வீட்டில் ஒரு வாக்குவாதமும் வரும். ரெசினுக்கு மட்டும் கூடாது. பழைய ஓடிஜி ஒன்றை வாங்கிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். மலிவான ஓடிஜியின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கடையும்போது என்ன கவனிக்கவேண்டும்?

இத்துப்போன மரம் சக்கின் (லேத்தில் மரத்தைக் கவ்வும் பாகம்) பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும், அதுதான் பெரிய ஆபத்து. பிடிக்கிற இடம் நல்ல மரமாக இருக்கட்டும், இல்லையென்றால் நல்ல மரத்துண்டு ஒன்றை ஒட்டி அதைப் பிடியுங்கள். முடிந்தவரை மறுமுனையில் பின்தாங்கல் (டெயில்ஸ்டாக்) கொடுங்கள், குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள், முகக்கவசத் தகடு போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். தூசியில் பூஞ்சையும் உண்டு, ரெசினும் உண்டு, இரண்டுமே நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் போதாது, என்95 அல்லது அதற்கு மேல். ஆஸ்துமா இருப்பவர்கள் பூஞ்சை மரத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ரெசின் ஏற்றிய மரம் சுருளாக வராமல் பொடியாக வரும், அது கோளாறு இல்லை.

அதில் சாப்பிடலாமா, தண்ணீர் பட்டால் கெடுமா?

ஈரம் குறைவாக ஏறும், ஏறவே ஏறாது என்று இல்லை. அதனால் மேலே பாலிஷ் எப்படியும் வேண்டும். சூடான சாம்பாருக்கும் ரசத்துக்கும் இந்தப் பாத்திரம் வேண்டாம் என்பது என் கட்சி. பேனா, கத்திப்பிடி, நகைப்பெட்டி, பூச்சாடி, இதற்கெல்லாம் தாராளமாக.

நல்ல மரத்தில் வேண்டுமென்றே கோடு வரவைக்க முடியுமா?

முடியும். பூஞ்சைக்கு ஈரமும் மிதமான சூடும் காற்றும் வேண்டும். மாங்கட்டையின் வெட்டுமுகத்தை மண்ணில் ஊன்றி, ஈரச் சாக்கு போர்த்தி, நிழலில் விடுங்கள். மழைக்காலத்தில் சில வாரத்திலேயே நிறம் மாற ஆரம்பிக்கும், கோடுகள் வர மாதங்கள் ஆகலாம். அடிக்கடி ஒரு சீவல் அறுத்துப் பாருங்கள், போதும் என்றதும் காயவைத்துவிடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை நின்றுவிடும். சரியான சமயத்தில் நிறுத்தினால் ரெசினே தேவைப்படாது.

மிச்ச ரெசினை எவ்வளவு நாள் வைக்கலாம்?

வடிகட்டி மரத்தூளை நீக்கி, வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், தகரக் கொட்டகைப் பட்டறையில் கோடை முழுக்க வைத்தால் டப்பாவுக்குள்ளேயே கூழாகிவிடும். இறுகவைக்கும் காரணி (ஆக்டிவேட்டர்) கலந்த ரெசினுக்குப் பொதுவாக ஒரு வருஷம் வரை ஆயுள். கெட்டியாகத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி மீட்கப் பார்க்காதீர்கள், மரத்துக்குள் போகாது. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், ஒரு தகரத்தில் ஊற்றி அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகவைத்துக் குப்பையில் போடுங்கள். மொத்தமாக ஒரே தகரத்தில் வைத்தால் தானாகவே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.